வான்கோழிக்கு ரூபாயில் விலை

நெவார்க் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி முதலில் முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார். உள்ளே முழுக்க வான்கோழிகள். சமையலறைத் துண்டில் வான்கோழி, மேசை விரிப்பில் வான்கோழி, சூடான பாத்திரம் இறக்கும் கையுறையில்கூட ஒரு குண்டு வான்கோழி. "வான்கோழி சாப்பிடும் நவம்பர் பண்டிகைக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறதே" என்றார். "உங்களுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை" என்றேன். அவர் அதற்கும் சிரித்தார். பின்னால் அவ்வளவு பெரிய வரிசை நிற்காமல் இருந்திருந்தால் நான் அழுதே இருப்பேன்.

எனக்குக் கரூர். அமெரிக்கச் சமையலறைகளுக்குத் துண்டும் விரிப்பும் நெய்து தைத்து அனுப்புவது தொழில். 2007 ஆகஸ்ட் அது. சுதந்திரம் கிடைத்து அறுபது வருஷம் என்று பத்திரிகைகள் முதல் பக்கத்தில் கொடி போட்டுக்கொண்டிருந்தன. உள்பக்கத்தில் இன்னொரு சந்தோஷச் செய்தி: ரூபாய் வலுக்கிறது. நம் காசு வலுத்தால் நமக்கு நல்லதுதானே என்று உங்களுக்குத் தோன்றலாம். அதைக் கரூர் பஸ் ஸ்டாண்டில் நின்று உரக்கச் சொல்லிப் பாருங்கள், ஊர் போய்ச் சேர மாட்டீர்கள்.

விஷயம் இதுதான். தை மாதம் விலை பேசும்போது ஒரு டாலருக்கு நாற்பத்து நாலு ரூபாய்க்கு மேல் கிடைத்தது. ஆடி முடிவதற்குள் அது நாற்பதை ஒட்டி இறங்கிவிட்டது. அதே துண்டு, அதே டாலர், கைக்கு வருவது மட்டும் குறைச்சல். நூல் விலையும் கூலியும் அப்படி இறங்கவில்லை. வாங்குகிற கம்பெனியோ தை மாத விலையிலேயே ஆர்டர் தாளை அனுப்பிவைத்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் பழைய வாடிக்கை என்றால் வாய்வார்த்தையிலேயே நூல் போட்டுவிடுவது எங்கள் ஊர் வழக்கம். தாள் வருவதற்கு முன்பே வான்கோழிகள் தறியிலிருந்து இறங்கி அச்சும் ஏறிவிட்டன.

அந்த விலைக்குக் கையெழுத்துப் போட்டால் என் மனைவி சரஸ்வதி நடத்துகிற தையல் பிரிவை மூட வேண்டும். போடாவிட்டால் வான்கோழி மந்தை மொத்தமும் என் தலையில். நேரில் பேசிப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். சரஸ்வதி வாசல்வரை வந்து சொன்னாள்: "துண்டுக்கு அஞ்சு சென்ட் கூட்டிக் கேளுங்க, மூணு குடுத்தாலும் வாங்கிக்கிட்டு வந்துருங்க. அங்க போயி வீராப்புப் பேசாதீங்க. உங்க வாயி எனக்குத் தெரியாதுங்களா?"

நெவார்க் விமான நிலையத்துக்குக் கமால் வந்திருந்தான். பள்ளப்பட்டிக்காரன், பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சு. முதலில் டெக்ஸஸில் ரவுண்ட் ராக்கில் இருந்துவிட்டு இப்போது பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் ஏதோ மருந்துக் கம்பெனிக்குக் கணினி வேலை. காரில் ஏறியதும் ஊர் நலம் விசாரிப்பான் என்று பார்த்தால் ரூபாயைத் திட்ட ஆரம்பித்தான்.

"மாப்ளே, ஊர்ல வீடு கட்டறேன்ல? போன வருஷம் அனுப்புன அதே டாலர்தான் மாசா மாசம் ட்ரான்ஸ்ஃபர் பண்றேன். மாடிப்படி வரைக்கும் வந்து நிக்குது, மேல ஏற மாட்டேங்குது. எதுக்குடா இந்த ரூபாய் இப்படி ஏறுது?"

திட்டிய வேகத்தில் இறங்க வேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டான். அந்த நெடுஞ்சாலையில் ஒன்றை விட்டால் அடுத்தது பக்கத்து ஜில்லாவில்தான் இருக்கிறது. நம் ஊர் என்றால் எதிர்ப்பக்கமாகவே நாலு அடி ஓட்டிவந்து திருப்பிக்கொள்வோம். இங்கே சுங்கமும் கட்டி, சுற்றியும் வந்து, மறுபடி சுங்கமும் கட்டினோம். அதற்கும் அவன் ரூபாயைத்தான் திட்டினான்.

வீட்டில் அவன் மனைவி நூர்ஜஹான் நெய்ச்சோறும் தாளிச்சாவும் செய்து வைத்திருந்தார். விமானத்தில் கொடுத்த ரப்பர் ரொட்டிக்கு அது பரிகாரம். இரண்டாம் முறை சோறு வாங்கும்போது கமால் மெதுவாக ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கத்தில் சுதந்திர தின விழா, அதில் ஒரு பட்டிமன்றம், அதில் நான் பேசுகிறேன். என்னைக் கேட்காமலேயே பெயர் கொடுத்துவிட்டான்.

தலைப்பைக் கேட்டதும் எனக்கே ஆசை வந்துவிட்டது. 'அறுபது ஆண்டு சுதந்திரம் உலகச் சந்தையில் நமக்குப் பேரம் பேசும் பலத்தைத் தந்துவிட்டதா, தரவில்லையா?' எனக்கென்றே யாரோ எழுதிவைத்த தலைப்பு. வயிற்றெரிச்சல் முழுவதையும் மேடையில் கொட்டிவிடலாம்.

"தரவில்லை அணிதானே?"

"இல்ல மாப்ளே. தரவில்லைக்கு ஆளாளுக்குக் கை தூக்கிட்டாங்க. தந்துவிட்டதுக்குத்தான் ஒரு ஆள் ஷார்ட்."

"நான் தொழில மூடலாமா வேண்டாமான்னு கேக்க வந்திருக்கேன். என்னைப் போயி தந்துவிட்டதுங்கறியே?"

அவன் மகள் சமீரா, பதினோரு வயசு, தட்டிலிருந்து நிமிர்ந்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "அங்கிள், நீங்கள் நம்பாத ஒன்றைத்தான் மேடையில் பேசுவீர்களா?" பட்டிமன்றம் என்றால் அப்படித்தான் அம்மா என்றேன். அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வையில் எங்கள் பண்பாட்டின் மேல் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது.

சனிக்கிழமை ஊர் சுற்றினோம். காலையில் கமால் ஒரு கடையில் ரொட்டி வாங்கிக் கொடுத்தான். நடுவில் ஓட்டை இருக்கிறதே என்று வடையை நினைத்துக் கடித்துவிட்டேன், தாடை இரண்டு நாள் வலித்தது. மத்தியானம் கடைவீதி மாதிரி இருந்த ஒரு பெரிய கட்டிடத்துக்குப் போனோம். அங்கே ஒருவரும் பேரம் பேசவில்லை. கடையில் எழுதிய விலையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இவ்வளவு சாதுவான ஜனங்கள், எங்களிடம் வாங்க வரும்போது மட்டும் சென்ட்டைப் பிளந்து அரை சென்ட்டுக்கு நிற்கிறார்களே என்று ஆத்திரமாக வந்தது.

ஞாயிறு விழா ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில். வராண்டாவில் அலுமினியத் தட்டுகளில் புளியோதரையும் தயிர்சாதமும் ஆளாளுக்குச் செய்து கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். கொடியேற்றி, வாழ்த்துப் பாடி, குழந்தைகள் காந்தி வேஷம் போட்டுப் போன பிறகு எங்கள் முறை. நடுவர் மதுரைக்காரர், டாக்டர் மீனாட்சி, பல் மருத்துவர். "நான் தினமும் வாயைத் திறக்கச் சொல்ற வேலை பாக்கறேன். இன்னிக்கு மூடச் சொல்ற வேலை" என்று ஆரம்பித்தார். அரங்கம் அப்போதே அவர் கைக்குள் வந்துவிட்டது.

நான் எழுந்து, வெள்ளைக்காரன் காலத்தில் பஞ்சுக்கு விலை அவன் சொன்னான், அதில் நெய்த துணிக்கும் அவனே சொன்னான், இன்றைக்குக் கரூர்த் துண்டு இல்லாவிட்டால் அமெரிக்காவில் தட்டு ஈரமாகவே கிடக்கும் என்றேன். நல்ல கைதட்டல். அடுத்து எதிரணியில் வித்யா என்று ஒரு பெண் எழுந்தாள். சென்னைப் பெண், சாஃப்ட்வேர் வேலை.

"ஷண்முகம் சார் சூப்பரா பேசினார். ஆனா சார், தட்டு துடைக்கறது பவரா? ஒரே ஒரு கேள்வி. உங்க டவலுக்கு ரேட் எந்தக் கரன்சில கோட் பண்றீங்க?"

"டாலரில்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அவ்ளோதான் சார். உங்க நூல் ரூபாய், உங்க கூலி ரூபாய், விலை மட்டும் அவங்க காசு. ரூபாய் விழுந்தப்ப உங்ககிட்ட டிஸ்கவுண்ட் கேட்டிருப்பாங்க. குடுத்தீங்களா?"

"கொடுத்தேன்."

"இப்ப ரூபாய் ஏறுதே, அவங்க ஏத்திக் குடுத்தாங்களா? இல்லதானே? நம்ம காசு விழுந்தாலும் நமக்கு லாஸ், ஏறினாலும் நமக்கு லாஸ். இந்த ஹால்ல ரூபாய் ஏறிடுச்சேன்னு சந்தோஷமா இருக்கறவங்க ஒருத்தர் கை தூக்குங்க பாக்கலாம். ஃப்ளாக் மட்டும் ஏத்திட்டோம்."

ஒரு கையும் எழவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அரங்கம் முழுக்க மூவண்ணக் காகிதம், சட்டையில் கொடி, அத்தனை பேரும் நம் நாட்டுக் காசு கொஞ்சம் நிமிர்ந்ததற்கு முகம் தொங்கி உட்கார்ந்திருக்கிறோம். அந்தப் பெண் பேசியது ஒவ்வொரு வார்த்தையும் என் மனசில் இருந்தது. எழுந்துபோய்க் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் எதிரணி. அதோடு என் பதில்களுக்குக் கூட்டம் சிரித்திருந்தது.

முடிப்புரைக்கு ஒரு நிமிஷம் கொடுத்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இந்தப் பொண்ணு சொன்னது சரி. ஒரே ஒரு இடத்தில் தப்பு. நம்மிடம் பலம் இல்லாமல் இல்லை, ரூபாயில் விலை சொல்ல நமக்குத்தான் வாய் வரவில்லை. நான் உட்பட ஒருத்தனும் ஒருநாளும் கேட்டதில்லை. நாளைக்கு என் துண்டை வாங்குகிற கம்பெனிக்குப் போகிறேன். ரூபாயில் விலை சொல்லிவிட்டு வருகிறேன்" என்றேன். கூரை பிய்ந்துபோகிற மாதிரி கைதட்டல். முன்வரிசையில் கமால் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

டாக்டர் மீனாட்சி விடவில்லை. "தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது. நாளைக்குச் சாயங்காலம் ஷண்முகம் சார் எனக்குப் போன் பண்ணி என்ன நடந்ததுன்னு சொல்வார். நான் அதை வச்சுத் தீர்ப்பெழுதி எல்லாருக்கும் ஈமெயில்ல அனுப்பிடறேன்" என்றார். பட்டிமன்றச் சரித்திரத்தில் இப்படி ஒரு தீர்ப்பை நான் கேட்டதில்லை.

திரும்பும்போது காரில் கமால் பிடித்துக்கொண்டான். "டேய், பட்டிமன்றத்துல பேசறது பட்டிமன்றத்தோட போச்சு. அதப் போயி யாராவது ஆஃபீஸ்ல சொல்வாங்களா? தங்கச்சி மூணு சென்ட் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கா, வாங்கிட்டுக் கிளம்பு."

"சபையில் சொல்லிட்டேன்டா."

"சபை புளியோதரை தின்னுட்டு வீட்டுக்குப் போயாச்சு."

பின்சீட்டிலிருந்து நூர்ஜஹான், "அண்ணன் கேட்டுத்தான் பாக்கட்டுமே. கேட்டாக் குடுக்கறாங்களோ இல்லையோ, கேக்காம யாரும் குடுக்கப் போறதில்ல" என்றார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே ஓட்டு அது.

திங்கட்கிழமை கமால் என்னைப் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் இறக்கிவிட்டான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்த நான், எதிரில் நின்ற ரயிலில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டே பெட்டிதான் இருந்தது. அமெரிக்காவில் எல்லாம் பெரிது என்கிறார்களே, ரயில் மட்டும் இப்படியா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தண்டவாளம் முடிந்து ரயில் நின்றுவிட்டது. எல்லோரும் மாணவர்கள், இறங்கிப் போய்விட்டார்கள். டிக்கெட் பார்ப்பவர் வந்து, "ஐயா, இந்த ரயில் இங்கேயும் அங்கேயும் மட்டும்தான் போகும். நெவார்க் போகிற வழியை விட்டு விலகி வந்திருக்கிறீர்கள்" என்றார். அதே ரயிலில் அதே சீட்டில் திரும்பி வந்து, பெரிய ரயிலைப் பிடித்து, நெவார்க்கில் இறங்கி, மந்தையைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்கு ஓடினேன். ஒரு மணி நேரம் தாமதம்.

அந்தக் கம்பெனியில் கொள்முதல் பார்க்கும் லிண்டா எழுந்துகூட வரவில்லை. அறுபதை நெருங்கும் பெண்மணி, பல வருஷமாக என்னை 'சாம்' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அவர் முகத்தில் புதிதாக ஒரு ஜாக்கிரதை தெரிந்தது. அரை மணி பேசிய பிறகுதான் புரிந்தது, நான் வேண்டுமென்றே காக்கவைத்தேன் என்று நினைத்திருக்கிறார். அந்த இரண்டு பெட்டி ரயிலுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

"சாம், விலை தை மாதமே முடிந்துவிட்டது" என்றார். அவர் ஜனவரி என்றார், எனக்குத் தை என்று கேட்டது.

"ரூபாய் விழுந்த வருஷங்களிலும்தான் விலை முடிந்திருந்தது. அப்போது பத்திரிகைச் செய்தியைக் கத்தரித்து ஃபேக்ஸில் அனுப்பித் தள்ளுபடி கேட்டீர்கள். கொடுத்தேன். இப்போது என் முறை."

"எனக்குச் சீனா இருக்கிறது, பாகிஸ்தான் இருக்கிறது."

"நவம்பருக்குள் வருமா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "சரி, வராது. ஆனால் உங்களுக்கும் போக்கிடம் கிடையாது. இவ்வளவு வான்கோழியை வைத்துக்கொண்டு இந்தியாவில் என்ன செய்வீர்கள்?"

இந்தக் கேள்வி வரும் என்று பத்து நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். பதில் இல்லாமல்தான் கிளம்பியிருந்தேன். மேசை மேல் விரித்திருந்த துண்டைப் பார்த்தேன். தோகையை வட்டமாக விரித்துக்கொண்டு நிற்கிறது சனியன். சட்டென்று வாயில் வந்தது.

"எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் பழனி இருக்கிறது. மயிலில் ஏறி வருகிற சாமி. வருஷம் முழுக்க ஜனங்கள் நடந்து வருவார்கள். வழியில் கடை போடுவேன். இதை வான்கோழி என்று அங்கே யாருக்கும் தெரியாது, மயில் என்றுதான் வாங்கிப் போவார்கள்."

முருகன் மன்னிக்கட்டும். லிண்டா துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தத் தோகையை விரலால் தடவினார். அவர் நம்பிவிட்டார் என்று தெரிந்தது.

"எவ்வளவு வேண்டும்?" என்றார்.

"ரூபாயில் சொல்கிறேன்."

"என்ன?"

சொன்னேன். ஒரு துண்டுக்கு இத்தனை ரூபாய். நீங்கள் பணம் அனுப்பும் நாளில் அதற்கு எத்தனை டாலரோ அத்தனை டாலர் அனுப்புங்கள். எங்கள் பேங்கில் இதற்குத் தடையில்லை, விசாரித்தாகிவிட்டது. உண்மையில் முந்தின நாள் ராத்திரிதான் என் ஆடிட்டரைப் போனில் எழுப்பிக் கேட்டிருந்தேன்.

லிண்டா வாய்விட்டுச் சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை, நிஜமாகவே அவருக்குப் புதுசாக இருந்தது. "இந்த நாற்காலியில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் இதைக் கேட்டதில்லை. முடியாது, சாம். எங்கள் கணினியில் ரூபாய் என்று ஒரு காசே கிடையாது." ஒரு தாளில் எண் ஒன்றை எழுதித் தள்ளினார். டாலர்தான். சரஸ்வதி கேட்ட ஐந்து சென்ட்டும் அதில் முழுசாக இருந்தது. "இந்தத் தடவைச் சரக்குக்கு மட்டும். அடுத்த வருஷம் ஆர்டருக்கு உறுதி சொல்ல மாட்டேன்."

எழுந்து போய்விட வேண்டும் என்று வீராப்பு சொன்னது. தையல் பிரிவில் மிஷின் முன்னால் குனிந்திருக்கும் முகங்கள் கண்ணில் வந்தன. கையெழுத்துப் போட்டேன். எழுந்திருக்கும்போது, "அடுத்த வருஷமும் ரூபாயில்தான் கேட்பேன்" என்றேன். "கேளுங்கள்" என்றார், சிரித்துக்கொண்டே.

சரஸ்வதியிடம் போனில் சொன்னேன். "அஞ்சுமா குடுத்தாங்க?" என்று மூன்று தடவை கேட்டாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது, எனக்கும்தான். அடுத்து டாக்டர் மீனாட்சி. மயில் கதையைக் கேட்டு இரண்டு நிமிஷம் சிரித்தார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டார். "பேரம் ஜெயிச்சிருக்கீங்க சார். ஆனா விலை அவங்க காசுலதானே எழுதியிருக்கு? தரவில்லைங்கற அணிக்கே தீர்ப்பு." போனை வைத்ததும் கமால் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிரியாணியை என் பக்கம் தள்ளிவைத்தான். ஜெயித்துவிட்டுத் தோற்ற நாளில் சாப்பிட்ட பிரியாணி, இருந்தாலும் குறை சொல்ல முடியாது.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன். அடுத்த வருஷம் உலகமே தலைகீழாகிவிட்டது. அமெரிக்காவில் பேங்குகள் கவிழ்ந்தன, ஆனால் டாலர் என்னவோ ஏறியது. கார்த்திகை வாக்கில் ஐம்பது ரூபாயைத் தொட்டது. கரூரில் ஆர்டர் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அந்த ஏற்றம் லாபம். அப்போது லிண்டா போன் செய்தார்.

"சாம், நீங்கள் அன்றைக்குக் கேட்டதை எங்கள் கம்பெனி யோசித்தது. அடுத்த ஆர்டரை ரூபாயில் எழுதச் சம்மதம். நீங்கள் சொன்ன அதே ரூபாய்."

கணினியில் ரூபாய்க்கு இடம் வந்துவிட்டது பார்த்தீர்களா? டாலர் ஏறிவிட்டதால் அதே ரூபாய்க்கு இப்போது அவர்கள் குறைச்சல் டாலர் கொடுத்தால் போதும். நாளைக்குப் பதில் சொல்கிறேன் என்றேன். ஆடிட்டர் சத்தம் போட்டார். கமால் ராத்திரியே மெயில் எழுதினான்: "மாப்ளே, மாட்டிக்காதே. டாலர்ல கேளு." சரஸ்வதி நிதானமாகச் சொன்னாள்: "டாலர்ல விட்டா நாலு காசு மிஞ்சுமுங்க. உங்களுக்கே தெரியும்."

தெரியும். அவளிடம், நூலும் கூலியும் போக ஒரு வருஷம் தையல் பிரிவு மூடாமல் ஓட ஒரு துண்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். அவள் சொன்ன ரூபாய் போன வருஷத்தைவிடக் கூடுதல். மறுநாள் லிண்டாவிடம் அதையே விலையாகச் சொன்னேன். "இது அன்றைக்குச் சொன்னதைவிட அதிகம்" என்றார். ஆமாம் என்றேன். நாலைந்து தடவை கீழே இழுத்துப் பார்த்தார். நான் இறங்கவில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டார். போனை வைப்பதற்கு முன்னால் மனசு கேட்காமல் அவரே கேட்டார்:

"சாம், ஒன்று கேட்கிறேன். டாலரில் பேசியிருந்தால் உங்களுக்கு இதைவிட நிறையக் கிடைத்திருக்கும். தெரியும்தானே?"

"தெரியும்."

"பிறகு ஏன்?"

"இத்தனை வருஷம் நீங்கள் கொடுத்த விலைக்கு விற்றேன். இது நான் போட்ட விலை."

"சரி, மிஸ்டர் ஷண்முகம்" என்று சொல்லிப் போனை வைத்தார். கைக்கு வர வேண்டிய லாபம் கொஞ்சம் போனது உண்மைதான். போகட்டும்.